கதை கேட்க, புத்தகம் வாசிக்க, படம் வரைய: பெற்றோர், ஆசிரியர் கேள்விகளுக்குப் பதில்கள்

இரண்டு வயதிலிருந்து பத்து வயது வரையுள்ள குழந்தைகளைப் பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மகனுக்கு இரண்டரை வயது. புத்தகத்தைக் கொடுத்தால் கடிக்கிறான், நாலு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டுகிறான். கதையைக் கேட்பதே இல்லை. சீக்கிரமே ஆரம்பித்துவிட்டோமா?

இல்லை அம்மா, சரியான வயதுதான். புத்தகம்தான் பொருந்தவில்லை. மெல்லிய தாளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கும் பிடி அவன் விரல்களுக்கு இன்னும் வரவில்லை. பக்கமே கெட்டி அட்டையாக உள்ள புத்தகம் வாங்குங்கள். அதில் இருக்கிற வரிகளை வாசிக்க வேண்டாம். படத்தில் விரலை வைத்து, "நாய் எங்க ஓடுது? ஓ, பந்துகிட்ட ஓடுது" என்று பேசுங்கள். மூன்று நிமிடம் உட்கார்ந்தால் போதும். எழுந்து போனால் விட்டுவிடுங்கள், இழுத்துப் பிடித்து உட்கார வைக்காதீர்கள்.

புத்தகங்களை அலமாரியில் முதுகு தெரிய வரிசையாக அடுக்கினால் அவனுக்கு அது வெறும் சுவர். ஐந்தாறு புத்தகங்களை மட்டும், முன்னட்டை தெரியும்படி, அவன் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். வாரம் ஒருமுறை இரண்டை எடுத்துவிட்டு வேறு இரண்டை வையுங்கள். ஒரே புத்தகத்தை இருபது தடவை கேட்டாலும் அலுக்காமல் சொல்லுங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்து காத்திருப்பதில்தான் இந்த வயதின் மகிழ்ச்சி.

கேள்வி: மகளுக்கு ஐந்து வயது. வீட்டில் பேசும் தமிழ் வேறு, புத்தகத் தமிழ் வேறாக இருக்கிறது. 'சென்றான்', 'கண்டது' என்று வாசித்தால் விழிக்கிறாள். பேச்சுத் தமிழுக்கு மாற்றியே வாசித்துவிடலாமா?

முழுக்க மாற்றாதீர்கள். ஏழு வயதில் அவளே புத்தகத்தைத் திறக்கும்போது, காதால் ஒருநாளும் கேட்டிராத மொழி அங்கே இருக்கும். எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளைகள்கூட வாசிப்பை வெறுக்க இது ஒரு பெரிய காரணம். மாற்றாமல் அப்படியே வாசித்தால் இப்போதே எழுந்து போய்விடுவாள். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. ஒரே புத்தகத்தை மூன்று இரவு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரவு வாசிக்கவே வேண்டாம். படங்களைக் காட்டி, வீட்டுப் பேச்சில் கதையைச் சொல்லுங்கள். கதை முழுதாகப் புரிந்துவிட வேண்டும்.

இரண்டாம் இரவு, அச்சில் உள்ளபடியே மெதுவாக வாசியுங்கள். புதிய சொல் வந்தால் நிறுத்தி, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்காதீர்கள். பேச்சுச் சொல்லைப் பக்கத்திலேயே வைத்துவிட்டு நகருங்கள்: "யானை குளத்துக்குச் சென்றது, போச்சு, அங்கே ஒரு முதலையைக் கண்டது, பாத்துச்சு." கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் புது வினைமுற்றுகள் பழைய பொருளோடு தாமாகவே ஒட்டிக்கொள்ளும். கதாபாத்திரங்கள் பேசும் இடங்களை மட்டும் பேச்சு வழக்கிலேயே சொல்லலாம், அது குரலுக்கு உயிர் கொடுக்கும்.

மூன்றாம் இரவு, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை அவளுக்கு விட்டுவிடுங்கள். "யானை குளத்துக்குச்..." என்று இழுத்து நிறுத்தினால் 'சென்றது' அவள் வாயிலிருந்து வரும். 'போச்சு' என்றாலும் சரி என்று தலையாட்டிவிட்டுத் தொடருங்கள்.

நீண்ட வினைகளில்தான் பெரும்பாலும் தடுமாற்றம். 'பார்த்துக்கொண்டிருந்தது' என்பது அவள் தினமும் சொல்லும் 'பாத்துக்கிட்டு இருந்துச்சு' தான். இந்த உறவை அவ்வப்போது காட்டினால் போதும், இலக்கணப் பாடம் வேண்டாம். ஒரே வரி பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வரும் புத்தகங்களாகத் தேடி எடுங்கள். இந்த முறைக்கு அவைதான் மிகவும் ஏற்றவை.

கேள்வி: இரண்டாம் வகுப்பு ஆசிரியை நான். பிள்ளைகளுக்கு எழுத்து தெரிகிறது. சொல்லாகச் சேர்க்கும்போது திணறுகிறார்கள்.

எங்கே திணறுகிறார்கள் என்று குறித்துப் பாருங்கள் டீச்சர். பெரும்பாலும் இரண்டு இடங்கள்தான்.

ஒன்று, கொம்பு. கெ, கே, கை ஆகியவற்றில் குறி இடப்பக்கம் நிற்கிறது, ஒலியோ மெய்க்குப் பின்னால் வருகிறது. கொ, கோ, கௌ இரண்டு பக்கமும் அணைத்து நிற்கின்றன. இடமிருந்து வலமாகப் போகும் கண் இங்கே ஒரு தாவு தாவிப் பின்வாங்க வேண்டும். க, கா, கி, கீ என்று ஒரு மெய்யைப் பன்னிரண்டு உயிரோடும் ஒப்பிப்பதால் இது சரியாகாது, பிள்ளை வரிசையைப் பாட்டாகச் சொல்லிவிடும். திருப்பிப் போடுங்கள். ஒரே குறியைப் பத்து மெய்களில் காட்டுங்கள்: மே, தே, வே, பே, சே. உடனே சொல்: மேகம், தேர், வேர், பேன், சேவல். ஒரு குறிக்கு மூன்று நாள் கொடுங்கள். இரட்டைச் சுழிக் கொம்பும் ஒற்றைச் சுழிக் கொம்பும் ஒரே வாரத்தில் வேண்டாம், கலந்துவிடும்.

இரண்டாவது, சேர்ந்து நிற்கும் சொற்கள். 'மரத்திலிருந்து' என்பதைப் பிள்ளை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக்கொண்டே போனால், கடைசி எழுத்தை எட்டும்போது முதல் எழுத்து மறந்திருக்கும். பென்சிலால் லேசாக ஒரு கோடு போட்டு 'மரத்தில்', 'இருந்து' என்று பிரித்துக் காட்டுங்கள். சில வாரத்தில் அவர்களே கோடு போடுவார்கள், பிறகு கோடு தேவைப்படாது.

வாசிக்கும்போது குழந்தையும் நீங்களும் சேர்ந்து, ஒரே வேகத்தில் வாய்விட்டு வாசியுங்கள். தைரியம் வந்ததும் அது மேசையைத் தட்டட்டும், நீங்கள் நிறுத்திவிடுங்கள். தடுமாறினால் மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். வரவில்லை என்றால் முழுச் சொல்லையும் சொல்லிக்கொடுத்துவிட்டு இருவரும் தொடருங்கள். "எழுத்துக் கூட்டிப் படி" என்று அந்த இடத்தில் சொன்னால் கதை அறுந்துபோகும். ர-ற, ல-ள-ழ பிசகுகளை அப்போது திருத்த வேண்டாம், அதற்குத் தனியாக விளையாட்டு வைத்துக்கொள்ளலாம்.

பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் வந்திருக்கின்றன. நான்காம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட 'நுழை' தேவைப்படலாம். தயங்காமல் கொடுங்கள், ஆனால் இன்னார் இந்தப் படி என்று வகுப்பில் அறிவிக்காதீர்கள். நாற்பது ஐம்பது சொல் உள்ள பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தடுமாறினால் அந்தப் புத்தகத்தை நீங்கள் வாசித்துக்காட்டுங்கள். தனியாக வாசிக்க எளியது ஒன்று கொடுங்கள்.

கேள்வி: தினமும் கதை கேட்கிறாள். எனக்குக் கதையே தெரியாது. என்ன செய்ய?

சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்ய வேண்டாம் தம்பி. யார், அவருக்கு என்ன வேண்டும், எது தடுத்தது, என்ன செய்து பார்த்தார், எப்படி முடிந்தது என்ற ஐந்தை மட்டும் நினைவில் வையுங்கள், மீதி வாயில் தானே வரும். முயற்சி மூன்று தடவை நடக்கட்டும். மூன்றிலும் ஒரே வசனம் வரட்டும். மூன்றாவது முறை குழந்தையே அதைச் சொல்லிவிடும்.

தொடங்க நல்ல கதை, தன் பெயரை மறந்த ஈயின் கதை. கன்றிடம் கேட்டு, தாய்ப்பசுவிடம் கேட்டு, மேய்ப்பவனிடம், அவன் கைக்கோலிடம், மரத்திடம், கொக்கிடம் என்று சங்கிலியாகப் போய், கடைசியில் குதிரை 'ஈ...' என்று கனைக்கும்போது பெயர் ஞாபகம் வரும். ஒவ்வொரு முறையும் முழுச் சங்கிலியையும் திரும்பச் சொல்ல வேண்டும் என்பதால் வரிசை நினைவு நன்றாகப் பழகும். முதல் நாள் நான்கு கண்ணி போதும்.

'உம்' கொட்டக் கற்றுக்கொடுங்கள். வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவதற்கும் இதற்கும் வேலை ஒன்றுதான்: கேட்பவரும் கதைக்குள் இருக்கிறார். 'உம்' நின்றால் தூங்கிவிட்டாள், அல்லது கதை நீண்டுவிட்டது. பயங்கரமான கட்டத்தில் குரலை உயர்த்துவதை விடத் தாழ்த்துவது அதிகம் பலிக்கும். முடிந்ததும் "இதுல என்ன நீதி?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வி கதையைப் பரீட்சையாக்கிவிடும். "அந்த நரி அப்புறம் எங்க போயிருக்கும்?" என்று கேளுங்கள், புதுக்கதை ஒன்று அவளிடமிருந்து வரும்.

கேள்வி: பேரன் டொரன்டோவில். தமிழ் புரியும், பேச மாட்டான். வீடியோவில் கதை சொன்னால் இரண்டு நிமிடத்தில் ஓடிவிடுகிறான்.

ஐயா, திரையில் உங்கள் முகம் மட்டும் தெரிந்தால் அவன் கைக்கு வேலை இல்லை. கதைக்கு வேண்டிய மூன்று பொருளை முன்கூட்டியே அவன் அம்மாவிடம் சொல்லி எடுத்துவைக்கச் செய்யுங்கள்: ஒரு கரண்டி, ஒரு சாக்ஸ், ஒரு டப்பா. "இப்ப முதலை டப்பாவுக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு" என்று நீங்கள் சொல்ல, அங்கே அவன் ஒளித்துவைக்கட்டும். எட்டுப் பத்து நிமிடம் போதும், ஆனால் வாரத்தில் குறித்த நாள், குறித்த நேரம். ஆங்கிலத்தில் பதில் சொன்னால் திருத்தாதீர்கள். அதையே தமிழில் திருப்பிச் சொல்லிக் கதையைத் தொடருங்கள். டொரன்டோ பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. அவன் அங்கே எடுக்கும் புத்தகத்தின் படங்களை உங்களுக்கு அனுப்பச் சொன்னால், இருவரும் ஒரே பக்கத்தைப் பார்த்துப் பேசலாம்.

கேள்வி: நாலு வயது. மனிதன் வரைந்தால் தலையிலிருந்தே கால் முளைக்கிறது. சரியாக வரையச் சொல்லித்தரலாமா?

வேண்டாம். மூன்று, நான்கு வயதில் பெரும்பாலான குழந்தைகள் மனிதரை இப்படித்தான் வரைகிறார்கள். உடம்பு பிறகு தானாக வரும். நீங்கள் ஒன்று வரைந்துகாட்டினால் உங்கள் படத்தைப் பார்த்து எழுதிவிட்டு, "எனக்கு வரையத் தெரியாது, நீயே போடு" என்று தாளைத் தள்ளத் தொடங்குவான். "என்ன இது?" என்று கேட்பதைவிட, "இதைப் பத்திச் சொல்லு" என்பது நல்லது. சொல்வதை அவன் சொற்களிலேயே படத்தின் கீழ் எழுதி, தேதி போட்டு, வாசித்துக்காட்டுங்கள். தன் வாயில் வந்தது எழுத்தாகி, எழுத்து மறுபடி ஒலியாவதை அவன் அங்கே பார்க்கிறான்.

கிரேயான் தடிமனாக இருக்கட்டும். முழுசாகக் கொடுத்தால் முஷ்டியில் பிடிப்பான். ஓர் அங்குலத் துண்டாக ஒடித்துக் கொடுத்தால் விரல் நுனியால் பிடித்தே ஆக வேண்டும், எழுதும் பிடி அப்படித்தான் பழகும். அதைவிடச் சிறிய துண்டு வேண்டாம். வாயில் போடுகிற தம்பி தங்கை வீட்டில் இருந்தால் இந்த ஓர் அங்குலத் துண்டும் தொண்டையில் சிக்கும், அவர்கள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கேள்வி: பெயின்ட், பசை எல்லாம் அடிக்கடி வாங்க முடியவில்லை.

பசைக்கு இரண்டு மேசைக்கரண்டி மைதா, ஒரு கப் தண்ணீர். முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மீதித் தண்ணீரைச் சேர்த்து, சிறு தீயில் கிளறுங்கள். ஐந்து நிமிடத்தில் வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடி போல வரும்போது இறக்குங்கள். நேரே கொதிநீரில் மாவைப் போட்டால் கட்டி தட்டும். வெளியில் இரண்டு நாள் தாங்கும். போஸ்டர் ஒட்டும் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு, குழந்தைகள் பசையில் கூடவே கூடாது.

நிறத்துக்கு மஞ்சள்தூளைக் குழைத்தால் மஞ்சள். அதில் சிட்டிகை ஆப்பசோடா சேர்த்தால் செம்பழுப்பு, ஆரத்தியில் சுண்ணாம்பு செய்கிற அதே வேலை. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, அதனால் சோடாவே போதும். பதினைந்து சங்குப்பூவை அரை கப் வெந்நீரில் ஊறவைத்தால் நீலம், எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டால் ஊதா. ஒரு கரண்டிச் சாயத்துக்கு இரண்டு சொட்டு வெள்ளைப் பசை சேருங்கள், காய்ந்ததும் உதிராது. மஞ்சள் வெயிலில் வெளுக்கும், படத்தை நிழலில் மாட்டுங்கள். ஜெராக்ஸ் தாள் ஈரத்தில் சுருளும். பழைய கல்யாணப் பத்திரிகையின் வழவழப்பில்லாத பின்பக்கம் நன்றாகத் தாங்கும்.

கேள்வி: பிள்ளைகளே புத்தகம் செய்ய எளிய வழி?

ஒரே தாளில் எட்டுப் பக்கம். ஏ4 தாளை நீளவாக்கில் பாதியாக மடித்து விரியுங்கள். பிறகு குறுக்கே பாதியாகவும், அதை இன்னொரு பாதியாகவும் மடித்து விரித்தால் எட்டுக் கட்டம் தெரியும். இப்போது குறுக்கே மட்டும் ஒருமுறை பாதியாக மடியுங்கள். மடிப்புள்ள பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் மேல் அடுத்த மடிப்புக் கோடு வரை மட்டும் வெட்டுங்கள். விரித்தால் தாளின் நடு இரண்டு கட்டங்களில் ஒரு பிளவு இருக்கும். நீளவாக்கில் மடித்து, இரண்டு முனையையும் உள்நோக்கித் தள்ளுங்கள். பிளவு திறந்து கூட்டல் குறி போல நிற்கும், அதைச் சுற்றி மடித்தால் புத்தகம்.

கெட்டுப்போவது வெட்டில்தான். திறந்த பக்கத்திலிருந்து வெட்டினால் நடுவில் பிளவு வராமல் தாளின் இரண்டு ஓரமும் பிளந்துவிடும், புத்தகமாக மடியாது. மடித்து முடிக்கும் முன் எழுதினால் பாதிப் பக்கம் தலைகீழாக வரும், எனவே முதலில் மடித்துப் பென்சிலால் எண் போடுங்கள். பக்கம் 10.5 செ.மீ. உயரம், 7.4 செ.மீ. அகலம் இருக்கும். ஆறு வயதுக்குக் கீழே என்றால் ஏ3 தாள் எடுங்கள். முன்னட்டையில் தலைப்போடு எழுதியவர் பெயர், பின்னட்டையில் விலை. விலை போடப் பிள்ளைகளுக்குத் தனி ஆசை. நடுவில் ஆறு பக்கம், பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வரி. எழுத்துப் பிழையைப் புத்தகத்தில் திருத்தாதீர்கள்.

கேள்வி: ஒன்பது வயது. காமிக்ஸ் தவிர வேறு தொடுவதில்லை.

தொடரட்டும். படத்துக்கும் பேச்சுக்கும் இடையே விடுபட்டதை அவன் ஊகித்துத்தான் வாசிக்கிறான். இரவில் ஒரு நீண்ட கதையை நீங்கள் வாசித்துக்காட்டி, விறுவிறுப்பான இடத்தில் நிறுத்திப் புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: பள்ளியில் புத்தகம் கிழியும் என்று பீரோவில் பூட்டிவைத்திருக்கிறார்கள். குடியிருப்பில் சின்ன நூலகம் தொடங்கலாமா?

நாற்பது புத்தகம் இருந்தால் தொடங்கலாம். ஒரு கயிறு கட்டி, துணி கிளிப்பில் முன்னட்டை தெரியத் தொங்கவிடுங்கள். பதிவேட்டில் பெயர், புத்தகம், தேதி மூன்றும் போதும், அதைப் பத்து வயதுப் பிள்ளைகளே எழுதட்டும். அபராதம் வேண்டாம், அபராதத்துக்குப் பயந்து வராமலே நின்றுவிடுவார்கள். புத்தகம் போதாவிட்டால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சிடலாம், உரிமம் அதற்கு இடம் தருகிறது. நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் நூல்கள் விலை குறைவு. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகள் பகுதி உண்டு, ஒருநாள் கூட்டிப்போய்வாருங்கள்.

கிழிந்த பக்கத்துக்கு செலோடேப் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் மஞ்சளாகிப் பசை கசிந்து, அடுத்த பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். மெல்லிய டிஷ்யூ தாளை ஒரு செ.மீ. அகலத்துக்குக் கிழித்து, மேலே சொன்ன மைதாப் பசையைத் தண்ணீராகக் கரைத்து ஒட்டி, இருபுறமும் பிளாஸ்டிக் தாள் வைத்து, கனமான புத்தகத்தின் கீழ் ஓர் இரவு விடுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு இதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்தால், எது அதிகம் கிழிகிறது என்று தெரியும். அதில் இன்னொரு பிரதி வாங்கிவிடுங்கள்.