எட்டு பார் லூப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்கு

கேள்வி: எட்டு பாருக்கு (பார் என்றால் தாளத்தின் ஒரு சுற்று) ஒரு டப்ஸ்டெப் லூப், அதாவது பேஸ் எனும் கனமான தாழ்ந்த ஒலி முழங்கும் மின்னணு நடன இசையில் திரும்பத் திரும்ப ஓடும் ஒரு துண்டு, பிரமாதமாக வந்துவிடுகிறது. அதையே திரும்பத் திரும்பக் கேட்டு இரவு போய்விடுகிறது, முழு ட்ராக்காக மட்டும் ஆகமாட்டேன் என்கிறது. லூப்பைக் கொடுத்தால் எந்தப் பகுதி எப்போது வரும் என்று தானாகவே அரேஞ்ச்மென்ட் போட்டுத் தரும் மென்பொருள் உண்டா?

பதில்: ஓரளவு உண்டு, சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் கணக்கு, ஏனென்றால் மென்பொருளுக்கும் இந்தக் கணக்கை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். டப்ஸ்டெப் பொதுவாக நிமிடத்துக்கு 140 பீட். நான்கு பீட் ஒரு பார் என்றால் ஒரு பாருக்கு 1.71 நொடி, 16 பாருக்கு 27 நொடி சொச்சம். இன்ட்ரோ 16 பார், பரபரப்பைக் கூட்டும் பில்ட்-அப் 16, பேஸ் முழு பலத்தோடு இறங்கும் டிராப் 32, நடுவில் மூச்சு வாங்க 16, இரண்டாவது டிராப் 32, முடிவு 16 என்று வைத்தால் மொத்தம் 128 பார், அதாவது 3 நிமிடம் 39 நொடி. உங்கள் லூப்பை 16 முறை காப்பி செய்து வரிசையாக ஒட்டினால் நீளம் சரியாக வந்துவிடும்.

அப்புறம் அழிக்க ஆரம்பியுங்கள். உங்களிடம் இருப்பது வெறும் லூப் இல்லை, அதுதான் டிராப், மற்ற பகுதிகளெல்லாம் அதிலிருந்து எதையாவது எடுத்துவிட்டால் கிடைப்பவை. இன்ட்ரோவில் பேஸும் கிக்கும் (பெரிய டிரம்மின் அடி) வேண்டாம், பின்னணியில் ஒரு நீண்ட ஸ்வரமும் எக்கோவும் போதும். பில்ட்-அப்பில் ஸ்நேரை (சிறு டிரம்மின் பளீர் அடி) முதலில் பீட்டுக்கு ஒன்று, பிறகு இரண்டு, பிறகு நான்கு என்று நெருக்கிக்கொண்டே போய், கூடவே ஹை-பாஸ் ஃபில்டரால் தாழ்ந்த ஒலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடுங்கள். டிராப்புக்கு முந்தைய அரை பாரில் எல்லாவற்றையும் நிறுத்துங்கள், ஒரு குரல் துணுக்கு மட்டும் இருக்கலாம். என் முதல் ட்ராக்கில் பேஸ் முதல் நொடியிலிருந்தே இடித்துக்கொண்டிருந்தது, டிராப் வந்தபோது வந்ததே யாருக்கும் தெரியவில்லை. காது சத்தத்துக்குச் சீக்கிரம் பழகிவிடும், அதனால் டிராப்பின் வால்யூமை ஏற்றுவதைவிட அதற்கு முந்தைய நொடிகளை இறக்குவதுதான் வேலை செய்கிறது.

இனி தானியங்கி விஷயம். ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளில் ஃபாலோ ஆக்‌ஷன் என்று ஒன்று இருக்கிறது. ஒரு கிளிப் முடிந்ததும் அடுத்து எது வர வேண்டும், எத்தனை சதவீத வாய்ப்பில் வர வேண்டும் என்று குறித்துவிட்டு ஓட விடலாம், ஓடுவதை அப்படியே டைம்லைனில் பதிவு செய்துகொள்ளலாம். நிரல் எழுதத் தயங்காதவர் என்றால் நிரல் எழுதி இசை அமைக்கும் சோனிக் பை இலவசம். அதில் ரேண்டம் என்று கேட்டாலும் ஒரே விதை எண்ணுக்கு (ரேண்டம் வரிசையைத் தொடங்கி வைக்கும் எண்) ஒவ்வொரு முறையும் அதே வரிசைதான் வரும். இது குறை மாதிரித் தெரியும், உண்மையில் வரம், பிடித்துப்போன ஒன்றைத் தொலைக்காமல் இருக்கலாம் இல்லையா? ஒன்று மட்டும் கவனம், முதல் பீட்டின் கிக்கையும் மூன்றாம் பீட்டின் ஸ்நேரையும் ரேண்டமிடம் ஒப்படைத்துவிடாதீர்கள். ஹை-ஹாட் (டிரம்ஸின் ஜால்ரா தட்டு), ஃபில் (பகுதி மாறும்போது வரும் சிறு டிரம் அடிகள்), பேஸ் ஆடும் வேகம், இவற்றோடு அது விளையாடட்டும்.

கேள்வி: 140 என்று போட்டும் கேட்டால் 70 மாதிரி மெதுவாக இருக்கிறது. எங்கே தப்பு?

பதில்: தப்பே இல்லை, அது ஹாஃப்-டைம். ஸ்நேர் 2, 4 இரண்டிலும் விழாமல் மூன்றாம் பீட்டில் ஒரே ஒரு முறை விழுவதால் அப்படித் தோன்றுகிறது. 2000-களின் தொடக்கத்தில் தெற்கு லண்டனில், குறிப்பாகக் கிராய்டன் பக்கம், கராஜ் என்ற வேகமான நடன இசையிலிருந்து பிரிந்து வந்த வகை இது. வேகத்தை விடாமல் அடிகளை மட்டும் குறைத்தார்கள், கிடைத்த காலி இடத்தில் பேஸ் வந்து உட்கார்ந்துகொண்டது.

கேள்வி: அந்த 'வவ் வவ்' பேஸுக்கு சீரம் என்ற சின்த் (ஒலி உருவாக்கும் மென்பொருள்) வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2020-இல் வந்த வைட்டல் என்ற சின்த் அதே வேவ்டேபிள் வகைதான் (அலை வடிவங்களின் அட்டவணையிலிருந்து ஒலி எடுப்பது), அடிப்படைப் பதிப்பு இலவசம். மேல் ஒலிகளை வெட்டும் லோ-பாஸ் ஃபில்டரின் திருகை ஒரு கை ஓயாமல் திறந்து மூடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கைதான் எல்.எஃப்.ஓ. பீட்டுக்கு ஒரு முறை என்றால் நொடிக்கு 2.33 தடவை ஆடும், இரண்டு என்றால் 4.67, மூன்று என்றால் சரியாக 7. ஒரே வேகத்தில் விட்டால் பழைய மோட்டார் மாதிரி இருக்கும், பாருக்குள்ளேயே இந்த வேகங்களை மாற்றி மாற்றிக் கொடுத்தால்தான் பேசுகிற மாதிரி வரும். பிடித்த பகுதியை ஆடியோவாகப் பதிவு செய்து, வெட்டி, தலைகீழாகத் திருப்பி ஒட்டிப் பாருங்கள், சரக்கு அங்கேதான் இருக்கிறது. சப் பேஸ், அதாவது மிகத் தாழ்ந்த அடி ஒலி மட்டும் தனி ட்ராக்கில், வெறும் சைன் அலையாக, மோனோவில் (இரு காதுக்கும் ஒரே ஒலி), இந்த ஆட்டத்தில் சேராமல் இருக்கட்டும்.

கேள்வி: சூனோ, யூடியோ போன்ற ஏஐ இசைச் சேவைகளில் "டப்ஸ்டெப் வேண்டும்" என்று எழுதினால் முழுப் பாட்டே வருகிறது. இவ்வளவும் எதற்குக் கற்க வேண்டும்?

பதில்: பாட்டு போதும் என்றால் கற்க வேண்டாம், நிஜமாகத்தான் சொல்கிறேன். ஆனால் அது கலந்து முடித்த ஆடியோவாக வருகிறது. பேஸை மட்டும் இரண்டு ஸ்வரம் இறக்கலாம் என்று தோன்றினால் பிரித்தெடுக்க வேண்டும், கிக்கும் பேஸும் ஒரே அடித்தளத்தில் கிடப்பதால் பிரித்த பிறகு ஒன்றில் மற்றொன்றின் கறை ஒட்டிக்கொண்டிருக்கும். நான் அதில் நாலைந்து எடுத்து பார் எண்ணிப் பார்ப்பேன், எங்கே நிறுத்துகிறது, எங்கே சொதப்புகிறது என்று. இலவசக் கணக்கில் செய்ததை வெளியிட்டுக் காசு பார்க்கும் எண்ணம் இருந்தால் முதலில் அந்தச் சேவையின் விதிமுறைகளைப் படியுங்கள்.

கேள்வி: ஹெட்போனில் அதிரும் பேஸ் போனில் காணாமலே போகிறது!

பதில்: டப்ஸ்டெப்பில் அடிக்கடி வரும் தாழ்ந்த எஃப் ஸ்வரம் 43.65 ஹெர்ட்ஸ். போனின் குட்டி ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே போக முடியாது. சப் ட்ராக்கைக் காப்பி செய்து, காப்பியில் மட்டும் ஒலியை மெல்லச் சிதைக்கும் சாச்சுரேஷன் போட்டு, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். 131, 175, 218 என்று மேலே முளைக்கும் ஹார்மோனிக்குகளை (ஸ்வரத்தின் மடங்கு அதிர்வுகள்) கேட்டு, கீழே இல்லாத ஸ்வரத்தைக் காது தானே நிரப்பிக்கொள்ளும்.