புரட்சிக் காசுக்குப் பாலிஷ் போடலாமா?

அன்புள்ள ஐயா,

திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். வெளிநாட்டு வெள்ளிக் காசுகள் சேர்க்கிறேன். மெக்சிகோப் புரட்சிக் காலத்து இரண்டு பெசோ ஒன்று கிடைத்திருக்கிறது, 1914, குரேரோ மாநிலம். கறுத்துப்போய், விளிம்பு ஒரு பக்கம் தடித்து இருக்கிறது. தெற்காவணி மூல வீதிப் பட்டறையில் காட்டினேன், பாலிஷ் போட்டால் புதுசாகிவிடும் என்றார்கள். போடலாமா? அப்புறம், 'முவேரா உவெர்த்தா' பெசோ ஒன்றும் மலிவாக வந்திருக்கிறது, வாங்கலாமா?
க.

அன்புள்ள க.,

போடவே போடாதீர்கள். பட்டறைக்காரர் மேல் தப்பில்லை, கொலுசு வருகிற இடத்தில் வெள்ளி என்றால் மின்னத்தான் வேண்டும். ஆனால் உங்களிடம் இருப்பது புரட்சித் தலைவர் ஜபாத்தாவின் ஆட்கள் அடித்த காசு. அப்போது ஆளாளுக்கு நோட்டு அச்சடித்துத் தள்ளியதில் காகிதப் பணத்தை நம்ப ஆளில்லை, அதனால் காம்போ மொராதோ சுரங்கத்து வெள்ளியை எடுத்து, அதில் கலந்திருந்த தங்கத்தைப் பிரிக்காமலே அடித்துவிட்டார்கள். அதையும் மறைக்கவில்லை. சூரியனும் மலையும் இருக்கும் பக்கத்தில் 'ஓரோ 0,595' என்று இருக்கிறதா பாருங்கள், உள்ளே அரை கிராமுக்குச் சற்று மேல் தங்கம் என்று அர்த்தம். ஓரோ எழுத்தெல்லாம் ஆழமாக விழுந்திருக்காது, பாலிஷ் சக்கரம் முதலில் தின்பது அதைத்தான். தடித்த விளிம்பும் அப்படியே இருக்கட்டும், நல்ல அச்சுக்கூடம் இல்லாமல் அடித்ததற்கு அதுதான் சாட்சி. (நம் மதுரையிலும் 1330களில் டில்லியை எதிர்த்துக் கிளம்பிய ஜலாலுதீன் அஹ்சன் கான் முதல் வேலையாகத் தன் பெயரில் காசு அடித்தார். கலகக்காரர்களுக்கு எல்லாக் காலத்திலும் இந்த அவசரம் உண்டு.)

சரி, 'முவேரா உவெர்த்தா'. உவெர்த்தா சாகட்டும் என்று அன்று மெக்சிகோவை ஆண்டவனைக் காசிலேயே சபித்தது, 1914, துராங்கோ மாநிலத்தின் குவென்காமே ஊர்ப்பக்கம், இன்னொரு புரட்சித் தலைவர் வில்லாவோடு நின்ற தளபதிகள் அடித்தது. வைத்திருந்தாலே மரண தண்டனை என்ற கதையைச் சொல்லித்தான் எல்லோரும் விற்கிறார்கள், கதைக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். இந்தக் காசுக்குப் போலிகள் ஏராளம். அடிக்காமல் உருக்கி வார்த்த போலி என்றால் லென்ஸில் ஊசிமுனைக் குழிகளும், பல நேரம் விளிம்பைச் சுற்றி ஒரு தையல் கோடும் தெரியும். நகைக்கடைத் தராசில் நிறுத்துவிட்டு, நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு மறுபடி நிறுங்கள். முதல் எடையை, தண்ணீரில் எவ்வளவு எடை குறைந்ததோ அதனால் வகுத்தால் பத்துக்குச் சற்று மேலே வர வேண்டும். எட்டு, ஒன்பது என்று நின்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பத்தைத் தாண்டினாலும் வெள்ளி என்றுதான் ஆகும், அசல் என்று ஆகாது. நல்ல வெள்ளியிலேயே போலி அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மலிவாக வந்ததை நான் தொடமாட்டேன். அந்தப் பணத்துக்கு பழைய ஜனாதிபதி ஹுவாரெஸ் தலை போட்ட 1915ஆம் வருஷத்து வஹாகா மாநிலக் காசு ஏதாவது கிடைக்கிறதா என்று பாருங்கள்.