பழைய தேனடையை உருக்கினேன், மெழுகு எங்கே போனது?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் 12 தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன் ஐயா. கறுத்துப்போன பழைய அடைகளை இரும்புச் சட்டியில் போட்டு அடுப்பில் உருக்கினேன். கறுப்பாக ஒரு கட்டிதான் மிஞ்சியது. மெழுகு கிடைக்க என்ன செய்வது?

பதில்: மெழுகு அந்தக் கட்டிக்குள்தான் இருக்கிறது. புழு அறையில் ஒவ்வொரு தேனீயும் வளர்ந்து வெளியேறும்போது மெல்லிய பட்டுக் கூட்டை உள்ளேயே விட்டுவிட்டுப் போகும், பல தடவை குஞ்சு பொரித்த அடையில் இந்தக் கூடுதான் நிறைய, உருக்கும்போது அது பஞ்சு மாதிரி மெழுகைக் குடித்துவிடும்.

அதனால் அடுத்த முறை அடையை நொறுக்கி ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போடுங்கள். கூடு முதலில் தண்ணீரைக் குடித்துவிட்டால் மெழுகை அவ்வளவாக இழுக்காது. அப்புறம் பருத்தித் துணிப்பையில் கட்டி, எவர்சில்வர் அண்டாவில் தண்ணீருக்குள் கல்லால் அமுக்கி வைத்துச் சூடாக்குங்கள். மழைத் தண்ணீர் கிடைத்தால் ரொம்ப நல்லது. தளதளவென்று கொதிக்கவே வேண்டாம், மெழுகு 62 முதல் 65 டிகிரிக்குள் உருகிவிடும். பையைக் கட்டையால் அழுத்த அழுத்த மஞ்சள் எண்ணெய் போல மேலே வந்து மிதக்கும். அண்டாவை மூடி, சாக்கு போர்த்தி, இரவு முழுக்க மெதுவாக ஆறவிடுங்கள். காலையில் பார்த்தால் தோசை மாதிரி வட்டமாக இறுகி, ஓரத்தை விட்டுச் சுருங்கி நிற்கும். அடியில் ஒட்டிய கசடைக் கத்தியால் சுரண்டினால் போதும்.

இரும்புச் சட்டி வேண்டாம், மெழுகு கறுக்கும். தண்ணீர் இல்லாமல் நேரடித் தீயில் வைப்பது அதைவிட மோசம். நானே ஒரு தடவை அப்படி வைத்துச் சட்டி தீப்பிடித்தது. பதறிப்போய்த் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன், நல்லவேளை, அம்மா முந்திக்கொண்டு தட்டைப் போட்டு மூடிவிட்டார். எரியும் மெழுகில் தண்ணீர் பட்டால் வெடித்துத் தெறிக்கும்.

உண்மையில் நல்ல மெழுகு வேண்டுமானால் தேன் எடுக்கும்போது தேன் அறைகளின் மேலிருந்து சீவுகிற மெழுகு மூடியைச் சேர்த்து வையுங்கள். புதுசு, வெளுப்பு, கழிவும் குறைவு. அந்த மூடியைக் கழுவிய தண்ணீரை மட்டும் பெட்டிப் பக்கம் கொட்டாதீர்கள், தேனீக்கள் அடுத்த பெட்டியில் தேன் திருடப் பழகிவிடும். மெழுகுக்காக நல்ல அடையை அறுப்பது நஷ்டம், ஒரு கிலோ மெழுகு சுரக்கத் தேனீக்கள் பல கிலோ தேனைத் தின்னும். கழித்த அடைகளையும் மூலையில் குவித்துப் போடாமல் உடனே உருக்குங்கள், இல்லையென்றால் மெழுகு அந்துப்பூச்சி வந்து நூலாம்படையாக்கிவிடும்.

சரி, அந்தக் கறுப்புக் கட்டியை வீசாதீர்கள். உடைத்துப் பையில் கட்டி இதே மாதிரி சூடாக்கி, சூடு இருக்கும்போதே பலமாக அழுத்தினால் கொஞ்சமாவது வரும். மிஞ்சும் சக்கை தென்னை மூட்டுக்கு.