கக்கூஸ் கவுன்சிலுக்கு ஒரு வரலாறா?

கேள்வி: இங்கிலாந்துல 1974 வரைக்கும் ரூரல் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்னு ஒன்னு இருந்துச்சாமே. கக்கூஸ், சாக்கடை, குப்பை பாக்குற ஆபீஸ். மேல இருக்கறவங்க சொன்னதைச் செஞ்சிருக்கும். இதுக்கெல்லாம் வரலாறு எழுதி, அதை நாங்க வேற படிக்கணுமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: சாக்கடை பாத்தவனுக்கு வரலாறு கிடையாதுன்னா யாருக்குங்க உண்டு, ராஜாக்களுக்கு மட்டுமா?

வடகிழக்கு இங்கிலாந்துல டர்ஹாம்னு ஒரு கவுன்டி, நம்ம ஊரு மாவட்டம் மாதிரி. அதுல ஈசிங்டன்னு ஒரு ரூரல் டிஸ்ட்ரிக்ட். 1894 சட்டத்துல வந்தது. பேருதான் ரூரல், உள்ள பூரா நிலக்கரிச் சுரங்கம், ஹார்டன், ஷாட்டன், வீட்லி ஹில்னு போற எடமெல்லாம் கம்பெனி கட்டிப்போட்ட லைன் வீடு. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் அந்த கவுன்சிலோட இன்ஜினியர் சி. டபிள்யூ. கிளார்க், ஊருக்கு நாலு வீடுன்னு கட்டிட்டே போனா வேலைக்காகாது, நடுவுல ஒரு டவுனே கட்டுவோம்னு அறிக்கை போட்டார். சுரங்கத்துல வேலை பாத்து 1919-ல கவுன்டி கவுன்சில் தலைவரான பீட்டர் லீ பேரையே டவுனுக்கும் வச்சாங்க, பீட்டர்லீ. 1948-ல அரசாங்கம் ஓகே சொல்லிருச்சு. இத்தனைக்கும் 1946-ல லண்டன் பக்கம் ஸ்டீவனேஜ்ல புது டவுன்னு சொல்லப்போன மந்திரி லூயிஸ் சில்கினை ஜனங்க வறுத்தெடுத்து, ரயில்வே ஸ்டேஷன் போர்டையே ரஷ்யாவோட ஸ்டாலின்கிராட் மாதிரி 'சில்கின்கிராட்'னு மாத்தி வச்சாங்க. அங்க வேணாம்னு கத்துனதை இங்க இவங்களே கேட்டு வாங்குனாங்க. மேல இருந்து யாரும் சொல்லலீங்க!

கேட்டது இவங்க, ஆனா கட்டுற அதிகாரம் போனது மந்திரி நியமிச்ச டெவலப்மென்ட் கார்ப்பரேஷனுக்கு, ஓட்டு வாங்குன கவுன்சில் ஓரமா நிக்க வேண்டியதுதான். பெர்த்தோல்ட் லுபெட்கின்னு பெரிய ஆர்க்கிடெக்டைக் கூட்டிட்டு வந்தாங்க, அவர் உயரமான கட்டடமா பிளான் போட, அடியில நிலக்கரி எடுக்கணும், தரை எறங்கும்னு அரசாங்க நிலக்கரி நிறுவனமான கோல் போர்டு மறிக்க, மனுஷன் 1950-ல வெறுத்துப்போய் கெளம்பிட்டார். அப்புறம் டவுன் வந்துச்சுதான், அவர் போட்ட பிளான்படி இல்ல.

1974 ஏப்ரல் 1 அன்னிக்கு ரூரல் டிஸ்ட்ரிக்ட்டைக் கலைச்சு, பக்கத்து சீஹமையும் சேத்து, வெறும் ஈசிங்டன் டிஸ்ட்ரிக்ட்னு ஆக்குனாங்க, 2009-ல அதுவும் காலி.

நமக்கென்னன்னு இன்னும் தோணுதா? அந்த கார்ப்பரேஷனோட முதல் தலைவர் மோனிகா ஃபெல்டன்னு ஒரு அம்மா. 1951-ல வட கொரியா போய்ட்டு வந்து இங்கிலாந்துல பெரிய வம்புல மாட்டி, 1956-ல இந்தியா வந்து, ராஜாஜியப் பத்தியும் விதவைப் பெண்களோட படிப்புக்கு உழைச்ச சகோதரி சுப்புலட்சுமியப் பத்தியும் புத்தகம் எழுதி, 1970-ல நம்ம மெட்ராஸ்லதான் செத்துப்போனாங்க. அவங்களைப் பத்தி அடுத்த வாரம் கேள்வி அனுப்புங்க, எழுதுறேன்.