எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள்

அறிவியல், உளவியல், தத்துவ நூல்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: உளவியலாளர் டேனியல் கானமனின் ‘திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ’ நூலைப் பாதி படித்துவிட்டேன். அதில் வரும் சோதனைகள் பல பொய்த்துவிட்டன என்கிறார் நண்பர். மீதியைப் படிக்கலாமா?

தாராளமாகப் படியுங்கள். ஆனால் எல்லா அத்தியாயங்களையும் ஒரே அளவுக்கு நம்ப வேண்டாம்.

நண்பர் சொல்வது பெரும்பாலும் 3, 4 அத்தியாயங்களுக்குப் பொருந்தும். நான்காவதில் வரும் புகழ்பெற்ற சோதனையை எடுத்துக்கொள்வோம். முதுமையை நினைவூட்டும் சொற்களை வைத்து வாக்கியம் அமைத்த மாணவர்கள், பிறகு நடைவழியில் மெதுவாக நடந்தார்கள் என்பது முடிவு. அது வெளியான ஆண்டு 1996. கலந்துகொண்டவர்கள் 30 பேர். 2012இல் பெல்ஜியத்தில் 120 பேரை வைத்து, ஸ்டாப்வாட்சுக்குப் பதிலாக அகச்சிவப்பு உணரியால் அளந்தார்கள், வேகம் குறையவில்லை. அதே குழு இன்னொரு சோதனையும் செய்தது. ‘இவர்கள் மெதுவாக நடப்பார்கள்’ என்று சோதனை நடத்துபவர்களையே நம்பவைத்தபோதுதான் நடை மெதுவானது!

மூன்றாவது அத்தியாயத்தில், மன உறுதி பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் என்ற கருத்து வருகிறது. 2016இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து 2,000க்கும் அதிகமானவர்களிடம் அதைச் சோதித்தன. கிடைத்த விளைவு பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது.

யாரும் ஏமாற்றாமலேயே இப்படி நடக்கலாம். 15 பேர், 15 பேராக இரண்டு குழு என்றால், இயல்பிலேயே மெதுவாக நடக்கும் இரண்டு மூன்று பேர் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டாலே சராசரி சாய்ந்துவிடும். வியப்பூட்டும் முடிவு கிடைத்தால் ஆய்விதழில் அச்சேறும். கிடைக்காவிட்டால் கட்டுரை மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடும். நூலாசிரியரின் கைக்கு வருவது அச்சேறியவை மட்டும்தான். போதிய ஆட்கள் இல்லாத ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டதாக கானமனே 2017இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். நோபல் பரிசு பெற்றவர் அப்படிச் சொன்னது பெரிய விஷயம். அந்த நூலின் மேல் மரியாதை கூடுவதற்கும் அது ஒரு காரணம்.

இனி, நிலைத்து நிற்பவை. தொடர்பே இல்லாத ஓர் எண்ணை முதலில் கேட்டுவிட்டால் நம் மதிப்பீடு அதன் பக்கம் இழுபடும் என்பது 11ஆம் அத்தியாயம். 600 பேரின் உயிர் ஆபத்தில் இருக்கும்போது, ஒரே விஷயத்தை ‘200 பேர் பிழைப்பார்கள்’ என்றோ ‘400 பேர் இறப்பார்கள்’ என்றோ மாற்றிச் சொன்னால் முடிவும் மாறும் என்பது 34ஆம் அத்தியாயம். 2014இல் 13 உளவியல் விளைவுகளை 36 குழுக்களிடம், 6,000க்கும் மேற்பட்டோரிடம் சோதித்தபோது, இந்த இரண்டும் உறுதியாகத் தேறின.

எனவே பென்சிலோடு படியுங்கள். சோதனை வரும் இடத்தில் நூலின் பின்குறிப்புக்குப் போய், எந்த ஆண்டு, எத்தனை பேர், வேறு யாராவது செய்து பார்த்தார்களா என்ற மூன்றையும் ஓரத்தில் குறித்துவிடுங்கள். முடிவு வியப்பூட்டுகிறது, ஆட்களோ குழுவுக்கு 50 பேர்கூட இல்லை என்றால் ஒரு கேள்விக்குறி போடுங்கள். சோதனையின் பெயரோடு ஆங்கிலத்தில் ‘ரெப்ளிகேஷன்’ (மறுபடி செய்து பார்த்தல்) என்ற சொல்லைச் சேர்த்து இணையத்தில் தேடினால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். பின்குறிப்பே இல்லாத உளவியல் நூல் என்றால், எங்கள் கருத்தில், வாங்காமல் விடுவதே நல்லது.

கேள்வி: உடல்நல நூல்களில் ‘ஆபத்து இரண்டு மடங்கு’ என்று வரும்போதெல்லாம் பயமாக இருக்கிறது. எப்படிப் புரிந்துகொள்வது?

எதற்கு இரண்டு மடங்கு என்று கேளுங்கள். 1995இல் பிரிட்டனில், ஒருவகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டு ஆபத்து இரு மடங்காகிறது என்று எச்சரிக்கை வந்தது. பயந்துபோய்ப் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் வேண்டாத கருவும் கருக்கலைப்பும் கூடின. எச்சரிக்கைக்குப் பின்னால் இருந்த கணக்கு இவ்வளவுதான்: 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது, 7,000 பேரில் இருவருக்கு என்றானது. இரு மடங்கு என்பதும் உண்மை, 7,000க்கு ஒருவர் கூடினார் என்பதும் உண்மை. முடிவெடுக்க உதவுவது இரண்டாவது. நூலில் மடங்கோ சதவீதமோ மட்டும் இருந்து, அடிப்படை எண் எங்கேயும் இல்லையென்றால், அந்தப் பத்தியை வைத்து எதையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

சராசரிகளிடமும் இதே கவனம் தேவை. ‘10,000 மணி நேரம் பழகினால் மேதை’ என்பதன் வேர், வயலின் மாணவர்களைப் பற்றிய 1993ஆம் ஆண்டு ஆய்வு. மிகச் சிறந்தவர்கள் என்று அதில் பிரிக்கப்பட்டவர்கள் பத்தே பேர். 10,000 என்பது அவர்கள் 20 வயதுக்குள் பழகிய நேரத்தின் சராசரி. அவர்களிலேயே பாதிப்பேர் அந்த எண்ணை எட்டியிருக்கவில்லை.

கேள்வி: தத்துவம் படிக்க ஆசைப்பட்டு கான்ட்டின் ‘தூய அறிவின் விமர்சன’த்தில் தொடங்கினேன். இருபது பக்கம் தாண்ட முடியவில்லை.

தவறு உங்களுடையது அல்ல, நுழைந்த வாசல்தான் கடினமானது. 1781இல் அந்த நூல் வந்தபோது அறிஞர்களுக்கே பிடிபடவில்லை. அதனால்தான் 1783இல் ‘புரோலெகோமெனா’ என்ற சிறிய நூலை கான்ட் எழுதினார். கான்ட்தான் வேண்டும் என்றால் அதிலிருந்து தொடங்குங்கள்.

ஆனால் முதல் நூலாக பிளேட்டோவின் ‘யூதிஃப்ரோ’வைச் சொல்வோம். ஒரே மூச்சில் படித்துவிடலாம். பக்தி என்றால் என்ன என்று சாக்ரடீஸ் கேட்க, யூதிஃப்ரோ ஒவ்வொரு வரையறையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் வரையறையையும் வலப்பக்கம் அது எந்தக் கேள்வியால் உடைந்தது என்பதையும் எழுதுங்கள். ஐந்து வரிசை வரும். தெய்வங்கள் விரும்புவதால் ஒன்று புனிதமாகிறதா, புனிதமாக இருப்பதால் விரும்புகின்றனவா என்ற இடத்தில் நிதானமாக நில்லுங்கள். தத்துவம் எப்படி வேலை செய்கிறது என்பது அங்கே கண்முன் தெரியும்.

வாங்கும்போது பக்க ஓரத்தில் 2 முதல் 16 வரை எண்களும் ‘ஏ’ முதல் ‘ஈ’ வரை ஆங்கில எழுத்துகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 1578ஆம் ஆண்டுப் பதிப்பின் பக்க எண்கள் அவை. எந்த மொழிபெயர்ப்பிலும் மாறாது. ஒரு வரி புரியாவிட்டால் வேறொரு மொழிபெயர்ப்பில் அதே எண்ணைத் தேடி ஒப்பிடலாம். மேலே சொன்ன தெய்வக் கேள்வி 10ஆம் எண், ‘ஏ’ பிரிவில் இருக்கிறது.

கேள்வி: டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’: எந்தப் பதிப்பு?

1859ஆம் ஆண்டின் முதல் பதிப்பு. 1872இல் வந்த ஆறாம் பதிப்புக்குள் எதிர்ப்புகளுக்கான பதில்கள் சேர்ந்து, வாதத்தின் ஓட்டம் தடைப்பட்டுவிட்டது. அட்டையில் பெரும்பாலும் எந்தப் பதிப்பு என்று இருக்காது. உள்ளே புரட்டி, ‘தகுதியுள்ளவை தப்பிப் பிழைக்கும்’ என்ற தொடரைத் தேடுங்கள். 1869இல் ஐந்தாம் பதிப்பில்தான் அது நுழைந்தது. இருந்தால் அது பிந்தைய பதிப்பு.

கேள்வி: படித்ததெல்லாம் ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறது. இரண்டாம் முறை படிக்கலாமா?

படிப்பதைவிட, மூடிவைத்துவிட்டு எழுதிப் பார்ப்பது மேல். 2006இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு குழு பாடத்தை மறுபடி படித்தது. இன்னொன்று பாடத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள்: படித்தவர்கள் 81 சதவீதம், எழுதியவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: படித்தவர்கள் 42, எழுதியவர்கள் 56. படித்த கையோடு நன்றாகத் தெரிவதுபோல் இருப்பதை நம்பித்தான் ஏமாறுகிறோம்.

ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் நூலை மூடி, ஆசிரியர் என்ன சொன்னார், அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஐந்து வரி எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டதை வேறு மையில் சேருங்கள். ஒரு வாரம் கழித்துப் பழைய தாளைப் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். இரண்டாம் முறையும் வேறு மையில் சேர்க்க வேண்டிவந்த பகுதியை மட்டும் திரும்பப் படித்தால் போதும்.