பழைய வேன்களை வரையும் மகளுக்கு என்ன படிப்பு?

அன்புள்ள ஐயா,

பதினோராம் வகுப்பு படிக்கும் மகள், பழைய விசித்திர வேன்களைக் கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் வரைந்து தள்ளுகிறாள், இதை வைத்து என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய பக்கங்களை நிதானமாகப் பார்த்தேன். அவற்றில் ஒன்று ஸ்டவுட் ஸ்காரப் என்ற பழைய அமெரிக்க வண்டி. அதைக் காட்டி அவளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வண்டியின் இன்ஜினை ஏன் பின்னால் வைத்தார்கள்?

அழகுக்காக என்று சொன்னால் அது ரசனை. காரணம் சொல்லத் தொடங்கினால் அவளிடம் வடிவமைப்பாளரின் மனம் இருக்கிறது. விமானங்களை வடிவமைத்து வந்த அமெரிக்கர் வில்லியம் ஸ்டவுட், 1930-களில் அந்த வண்டியை உருவாக்கினார். இன்ஜின் பின்னால் போனதால், இன்ஜின் விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோக வண்டித் தளத்துக்கு அடியில் நீளமான சுழல்தண்டு தேவைப்படவில்லை. தளம் தாழ்வாக, மேடு பள்ளம் இல்லாமல் அமைந்தது. அக்காலக் கார்களின் பக்கவாட்டுப் படிப்பலகையையும் நீக்கி, அந்த அகலத்தை உள்ளே சேர்த்துக்கொண்டார். ஓட்டுநர் இருக்கையைத் தவிர மற்றவற்றை இடம் மாற்றிப் போடலாம். நடுவே மேசை வேறு. விலை 5,000 டாலர். சுமார் ஒன்பது வண்டிகளே உருவாயின. அதிகம் விற்காத வண்டிதான். ஆனாலும் இன்று குடும்ப வேன்களில் நாம் இயல்பாக எதிர்பார்க்கும் பலவும் அதில் இருந்தன.

இன்னொரு பக்கத்தில் ஃபோக்ஸ்வாகன் வேன் இருக்கிறது. அதன் முதல் வரைபடம், 1947-இல் நெதர்லாந்து வணிகர் பென் போன் தம் குறிப்பேட்டில் கிறுக்கிய ஒரு பெட்டி. மாதிரி வண்டியை பீட்டில் காரின் அடிச்சட்டத்தில் கட்டினார்கள்; பாரம் தாங்காமல் அது வளைந்தது. அடிப்பாகத்தையே புதிதாக வடிவமைக்க வேண்டியிருந்தது. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பக் கல்லூரியில், காற்றை வீசிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் மாதிரியை வைத்துப் பார்த்து, முகப்பை மாற்றி, காற்றுத் தடை எண்ணை 0.75-இலிருந்து 0.44-ஆகக் குறைத்தார்கள். 1950 மார்ச்சில் உற்பத்தி தொடங்கியது. வரைந்தவர், சட்டத்தின் வலிமையைக் கணக்கிட்டவர், மாதிரி செய்தவர், காற்றில் வைத்து அளந்தவர் என எத்தனை வேலைகள் அந்த மூன்றாண்டுகளில் இருக்கின்றன பாருங்கள். உங்கள் மகள் இவற்றில் எதில் பொருந்துவாள் என்பதைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

வழிகள் இரண்டு. பிளஸ் டூ முடித்ததும் பி.டெஸ். என்ற வடிவமைப்பு இளநிலைப் பட்டப்படிப்பில் சேர, மும்பை ஐஐடி நடத்தும் யூசீட் தேர்வு, அல்லது அகமதாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் நுழைவுத்தேர்வு. எந்தப் பாடப்பிரிவு மாணவரும் எழுதலாம். இந்த நிறுவனத்தையும் திருச்சியில் உள்ள பொறியியல் நிறுவனத்தையும் நாம் 'என்.ஐ.டி.' என்றே சொல்வதால் குழப்பிக்கொள்ளும் பெற்றோர் பலர், இரண்டும் வேறு. மற்றொரு வழி, மெக்கானிக்கல் அல்லது ஆட்டோமொபைல் பொறியியல் முடித்து, பிறகு எம்.டெஸ். என்ற வடிவமைப்பு முதுநிலைப் பட்டம். வாகன வடிவமைப்புக்கென்றே தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் காந்திநகர் வளாகத்திலும் மும்பை ஐஐடியிலும் முதுநிலைப் படிப்பு உண்டு.

கணிதப் பிரிவில் நன்றாகப் படிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் இரண்டாவது வழியையே நான் விரும்புவேன். வடிவமைப்புக் கூடங்களில் வேலையிடங்கள் குறைவு என்பதை உங்களிடம் மறைக்கக் கூடாது. பொறியியல் பட்டம் கையில் இருந்தால் உற்பத்தி, சோதனை, உதிரிபாகத் துறைகளின் கதவும் திறந்திருக்கும். அதற்காக யூசீட் எழுதவிடாமல் தடுக்காதீர்கள், எழுதட்டும்.

பயிற்சி மையத்துக்கு இப்போதே பெருந்தொகை கட்ட வேண்டாம். உங்கள் தெருவில் ஓர் ஆம்னி வேன் நிற்கும். உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, அளவு நாடாவோடு அவளை அனுப்புங்கள். முன் இருக்கைக்கு அடியில் இன்ஜின் இருப்பதைப் பார்க்கட்டும். அந்தச் சிறிய வண்டியில் பின்னால் அவ்வளவு இடம் எப்படிக் கிடைத்தது என்று புரியும். பிறகு பத்தில் ஒரு பங்கு அளவில் அட்டையில் தன் வேனைச் செய்யட்டும். உள்ளே அதே அளவில் மனித உருவங்களும் உட்கார வேண்டும். ஓட்டுநரின் முழங்கால் எங்கே இடிக்கிறது, முழங்கால் வலியுள்ள பாட்டி எப்படி ஏறுவார் என்பதெல்லாம் தாளில் தெரியாது. அட்டையில் உடனே தெரிந்துவிடும். முதல் மாதிரி நிச்சயம் சொதப்பும். கிழித்துவிட்டு இரண்டாவதைத் தொடங்குகிறாளா என்று கவனியுங்கள்.

அடுத்த மாதம் என்னைப் பார்க்க வரும்போது மதிப்பெண் பட்டியலோடு அந்த அட்டை வேன்களையும், கெட்டுப்போனவை உட்பட, எடுத்து வாருங்கள்.