இரும்புக் காலணியும் இரண்டு கிலோவும் – கடிதம்

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

சென்ற ஆண்டு பைக் விபத்தில் வலது முழங்கால் சில்லு உடைந்து 6 வாரம் மாவுக்கட்டுப் போட்டிருந்தேன். எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் வலது தொடை இன்னும் மெலிந்தே இருக்கிறது. மாடிப்படி இறங்கும்போது அந்தக் காலை நம்ப முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டவே கூச்சமாக இருக்கிறது. பாதத்தில் பட்டை போட்டு இறுக்கி, அடியில் டம்பெல்லைப் பொருத்திக்கொள்ளும் கருவி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். 2 கிலோ மாட்டி, செல்பேசியில் செய்தி பார்த்தபடியே, தினமும் காலையில் 200 முறை காலை நீட்டி மடக்குகிறேன். 8 மாதமாகிறது. ஜிம் பயிற்சியாளர் இதை விளையாட்டுச் சாமான் என்கிறார். வீட்டில் அடிபட்ட காலில் கனம் ஏற்றாதே என்கிறார்கள். ஜிம் மெஷின் தரும் பலனை இது தருமா? இன்னொரு காலுக்கும் ஒன்று வாங்க வேண்டுமா? கட்டிக்கொண்டே நடக்கலாமா? புரதப் பொடி அவசியமா? எனக்கு வயது 43.

எம்.

அன்புள்ள எம்.,

வந்து குவிந்திருக்கும் கடிதங்களில் உங்களுடையதை உடனே எடுத்துக்கொண்டதற்குக் காரணம், சில வாரங்களாகவே நான் தாமஸ் டெலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவரைப் பற்றிப் படித்துக்கொண்டிருப்பதுதான். உங்கள் காலில் கட்டியிருக்கும் கருவியின் பாட்டன், இரும்புக் காலணி, அவர் கைக்கு வந்த பிறகுதான் மருத்துவச் சாதனமாயிற்று.

கேட்டவற்றுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மெஷினில் கம்பியும் கப்பியும் இருப்பதால் கால் எந்தக் கோணத்தில் இருந்தாலும் ஓரளவு ஒரே சுமை கிடைக்கிறது. பாதத்தில் கட்டிய எடை அப்படியன்று. நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டிருக்கும்போது அது முழங்காலைக் கீழே இழுக்கிறதே தவிர, தொடைத் தசைக்கு அங்கே வேலை இல்லை. கால் உயர உயரச் சுமை கூடி, முழுவதும் நீட்டிய நிலையில்தான் உச்சத்தை அடைகிறது. பின்தொடைக்கும் இதே கணக்குதான்: நின்றுகொண்டு குதிகாலைப் பின்புறம் உயர்த்தினால் முழங்கால் செங்கோணமாக மடங்கும்போது கனம் அதிகம், கட்டிலில் குப்புறப் படுத்துச் செய்தால் தொடக்கத்தில் கனம் அதிகம், கணுக்கால் மேலே செங்குத்தாக வரும்போது கனமே இல்லை. ஆகவே மெஷின் தருவதை அப்படியே தராது. ஆனால் பார்பெல்லைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுபவர்களுக்கும் கிடைக்காத ஒன்றை இது தருகிறது. சுவரைப் பிடித்து நின்று முழங்காலை இடுப்பளவு உயர்த்தும்போது வேலை செய்கிற இடுப்பு மடக்குத் தசைக்கும், குதிகாலை ஊன்றி முன்பாதத்தை மட்டும் தூக்கும்போது வேலை செய்கிற முன்கணைக்கால் தசைக்கும் கனம் ஏற்ற இதைவிட எளிய வழி குறைவு. விளையாட்டுச் சாமான் என்று சொன்ன உங்கள் பயிற்சியாளருடன் இதற்குமேல் விவாதிக்க வேண்டாம்.

கட்டிக்கொண்டு நடக்கக் கூடாது. நடை கெட்டுப்போகும், முழங்காலும் இடுப்பும் அந்த வீச்சைத் தாங்க வேண்டியிருக்கும், பலன் சொற்பம். இன்னொரு கருவி வாங்கவும் தேவையில்லை, ஒன்றையே மாற்றி மாற்றிக் கட்டிக்கொள்ளலாம். புரதப் பொடி பற்றி வேறு யாரையாவது கேளுங்கள்; முட்டையும் பருப்பும் வீட்டில் இருக்கும்போது அந்தக் கேள்வியில் எனக்கு ஆர்வம் வருவதில்லை.

இனி உங்கள் கடிதத்தில் என்னைக் கோபப்படுத்திய வரிக்கு வருகிறேன். 2 கிலோ, 200 முறை, 8 மாதம்! எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட அந்த எடையை இரண்டரை கிலோ ஆக்கிப் பார்க்கத் தோன்றவில்லையா? உங்கள் உடல் எடையில் பெரும்பகுதியை அந்தக் கால் படி இறங்கும்போது ஒவ்வொரு முறையும் தாங்கியாக வேண்டும். அந்தக் காலுக்கு நீங்கள் நாள்தோறும் கொடுத்துவந்திருப்பது செய்தி படித்துக்கொண்டே செய்யக்கூடிய ஒரு வேலையை. இலேசான எடையானாலும் தசை இனி முடியாது என்று நின்றுபோகும்வரை தூக்கினால் பலன் உண்டு என்பது இன்று தெரிந்ததே. ஆனால் செல்பேசித் திரையைத் தள்ளிக்கொண்டே 200 எண்ணுகிற மனிதரின் தசை நின்றுபோகிற எல்லையின் பக்கம்கூடப் போயிருக்காது.

1944, 1945 ஆண்டுகளில் அமெரிக்க ராணுவ மருத்துவமனைகள் முழங்கால் காயம்பட்ட வீரர்களால் நிரம்பி வழிந்தன. சிகாகோவில் ஏரிக்கரை விடுதி ஒன்றை ராணுவம் எடுத்துக்கொண்டு நடத்திய கார்டினர் மருத்துவமனையில் டெலார்ம் பணியாற்றினார். அப்போதைய வழக்கம் நீங்கள் செய்வதேதான்: குறைந்த கனம், நிறையத் தடவை, நீண்ட ஓய்வு. எலும்பு சேர்ந்த பிறகும் தொடை தேறாமல் வீரர்கள் மாதக்கணக்கில் கட்டிலை அடைத்துக்கொண்டிருந்தார்கள். டெலார்ம் சிறுவயதில் இதயத்தைத் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சலில் படுத்துக் கிடந்தவர். பிறகு கனம் தூக்கியே உடம்பைத் தேற்றிக்கொண்டவர். உடற்பயிற்சிச் சாமான் விற்பவர்களிடம் முன்பே இருந்த இரும்புக் காலணியை அவர் நோயாளிகளின் காலில் கட்டினார். 1945-இல் வெளியான அவருடைய கட்டுரையின் சாரம் இது: குறைந்த கனத்தைப் பல தடவை தூக்கினால் சகிப்புத்திறன் வளரும், மிகுந்த கனத்தைச் சில தடவை தூக்கினால் வலிமை வளரும், ஒன்றைச் செய்து மற்றொன்றை எதிர்பார்க்க முடியாது.

எவ்வளவு கனம் என்பதற்கும் அவர் அளவுகோல் வைத்தார். சரியாக 10 தடவை தூக்க முடிந்து, 11-ஆவது தடவை தூக்க முடியாமல் போகிற எடை எதுவோ அதுவே அன்றைய எடை. அதை வாரம் ஒருமுறை மீண்டும் சோதித்து, கூடியிருந்தால் கூட்டினார். தொடக்கத்தில் ஒரு வேளைக்கு 70 முதல் 100 தடவை செய்யச் சொன்னவர், அது தேவைக்கு மிஞ்சியது என்று கண்டு, ஆர்தர் வாட்கின்ஸ் என்ற மருத்துவருடன் சேர்ந்து 1948-இல் எழுதிய கட்டுரையில் மூன்று செட்டுகளாகக் குறைத்தார்: அந்த எடையில் பாதியை 10 தடவை, முக்காலை 10 தடவை, முழுவதையும் 10 தடவை. 1951-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜினோவியெஃப் என்ற மருத்துவர் இதைத் தலைகீழாக்கி, முழு எடையில் தொடங்கிக் குறைத்துக்கொண்டே போகச் சொன்னார். எது மேல் என்று கேட்டு இன்னொரு கடிதம் எழுதிவிடாதீர்கள். இரண்டிலும் எடை தொடர்ந்து ஏறிக்கொண்டே போனது என்பதை மட்டும் பாருங்கள்.

என் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து, உங்களைப் போலவே முழங்கால் சில்லை உடைத்துக்கொண்டார். கட்டுப் பிரித்த அன்று அந்தத் தொடையைப் பார்த்து நாங்கள் பேச்சற்றுப் போனோம். முதலில் கூட்டிப்போன இடத்தில் சூட்டு விளக்கைக் காட்டி, ஒரு கிலோ மணல் பையைக் கணுக்காலில் கட்டி அனுப்பினார்கள்; வாரங்கள் போயின, அந்த ஒரு கிலோ ஒரு கிலோவாகவே இருந்தது. பிறகு வேறொரு பிசியோதெரபிஸ்ட் அம்மாள் கிடைத்தார். அவர் அறையில்தான் டெலார்மின் இரும்புக் காலணியை முதன்முதலாகப் பார்த்தேன். வார்ப்பிரும்பினால் ஆன கனத்த அடித்தட்டு, பாதத்தின் மேல் குறுக்கே இறுக்கும் இரண்டு தோல்வார்கள், தட்டின் அடிப்பக்கம் ஒரு துளை, அதில் செருகும் குட்டைக் கம்பி, கம்பியின் இரு முனைகளிலும் தகடுகள், அவை நழுவாமல் திருகி இறுக்கும் வளையங்கள். வியர்வையில் தோல்வார் கறுத்துப் போயிருந்தது. "நான் என்ன பயில்வானா?" என்று அம்மா கேட்டதற்கு அவர் சிரிக்கவே இல்லை. "பத்தாவது தடவை கஷ்டமாக இருக்க வேண்டும் அம்மா. பதினொன்று வந்துவிட்டால் நாளைக்கு ஏற்றிவிடுவேன்" என்றார்.

வீட்டில் இரும்புக் காலணிக்கு எங்கே போவது? துணிப்பையில் மணலை நிரப்பி, மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, பாதத்தில் துண்டால் கட்டிக்கொண்டார் அம்மா. கால் கிலோ கால் கிலோவாக மணல் ஏறியது. பால் கணக்கு எழுதும் நோட்டில் இடப்பக்கம் பால், வலப்பக்கம் மணல். பாலுக்குப் பணம் கொடுத்த தேதியைக்கூட மறப்பார், மணலை எழுத மறந்ததில்லை. ஒரு நாள் எடை ஏறாவிட்டால் முகம் வாடிவிடும். எழுதி வைத்திருந்ததால்தான் ஏறவில்லை என்பதே அவருக்குத் தெரிந்தது. நீங்கள் ஒன்றையும் எழுதி வைக்கவில்லை என்று பந்தயம் கட்டுவேன்.

அடிபட்ட காலில் கனம் ஏற்றாதே என்கிற உங்கள் வீட்டாரின் அச்சம் அன்பினால் வருவது, அவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். அதில் நியாயமும் கொஞ்சம் உண்டு. முழங்காலிலிருந்து பாதம் ஏறத்தாழ 40 செ.மீ. தொலைவில் இருக்கிறது, காலை நீட்டும் தசைநாரோ மூட்டின் மையத்திலிருந்து ஏறத்தாழ 4 செ.மீ. தள்ளி நின்றுதான் இழுக்கிறது. அதனால் நீட்டிய காலின் நுனியில் 5 கிலோ கட்டினால் அந்த நார் ஏறத்தாழ 50 கிலோ கனத்துக்கு ஈடாக இழுக்க வேண்டும். ஒரேயடியாக ஏற்றக் கூடாது என்பதற்கும், சிறிதளவு ஏற்றினாலே தசைக்கு அது பெரிய செய்தி என்பதற்கும் இந்த ஒரே கணக்குப் போதும். விபத்தில் எலும்பு உடைந்ததோடு மூட்டைப் பிணைக்கும் நாணும் கிழிந்து மாற்றுநாண் வைத்திருந்தால் மட்டும், கால் முழுதாக நீளும் அந்தக் கடைசிப் பகுதியில் அதன்மேல் இழுவை விழும் என்பதால், அறுவை செய்தவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. சில்லு மட்டும் உடைந்தது என்றாலும், எடையை ஏற்றப் போகிறேன் என்று ஒருமுறை சொல்லிவிட்டு ஏற்றுங்கள்.

தொடங்கும் விதம் இது. மேசை விளிம்பில் உட்கார்ந்து, தொங்கும் பாதத்துக்கு அடியில் ஒரு முக்காலியைப் போடுங்கள். ஒவ்வொரு தடவைக்கும் இடையில் எடை முழங்கால் நாண்களில் தொங்கிக்கொண்டிராமல் அதன்மேல் இறங்கட்டும். ஆட்டிவிட்டுத் தூக்காமல் மெதுவாக நீட்டி, மேலே ஒரு நொடி நிறுத்தி, அதைவிட மெதுவாக இறக்குங்கள். 10-ஆவது தடவையில் தொடை நடுங்குகிற எடை 8 கிலோ என்று கண்டால், 4 கிலோவில் 10, 6 கிலோவில் 10, 8 கிலோவில் 10. மெலிந்த காலை முதலில் செய்யுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். பத்தாவது எளிதாக வந்த மறுமுறை அரைக் கிலோ ஏற்றுங்கள். மூட்டுக்குள் வலி குத்தினாலோ, மறுநாள் முழங்கால் வீங்கினாலோ இறக்குங்கள். தொடைத் தசை கடுகடுவென்று வலிப்பதற்காக இறக்காதீர்கள். செல்பேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.

வேட்டி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது, அம்மா புடவைக் கொசுவத்தை அந்தக் கால் பக்கமாக இழுத்துவிட்டுக்கொள்வது கண்முன் வந்தது. அந்தக் கூச்சத்தை நான் அறிவேன். அதற்கு ஆறுதல் சொல்வதைவிட அளந்து பார்க்கச் சொல்வேன். சில்லின் மேல் விளிம்பிலிருந்து ஒரு சாண் மேலே பேனாவால் குறியிட்டு, காலையில், பயிற்சிக்கு முன்பு, தையல் டேப்பால் இரண்டு தொடைகளையும் சுற்றி அளந்து தேதியுடன் எழுதுங்கள். வாரம் ஒருமுறை, அதே டேப், அதே இடம். எடையையும் பக்கத்திலேயே எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், விளக்கம் ஒன்றும் வேண்டாம்.

அன்புடன்,
ஆ.